பொல்பிட்டிய ரயிலின் தலைமைப் பொறியாளர்

பொல்பிட்டியவுக்கு ரயில் வராது. கொழும்பிலிருந்து பதுளை போகும் பாதை நாவலப்பிட்டியைத் தாண்டி, வட்டவளை, ரொசல்ல, ஹட்டன் என்று மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டது. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன அந்தக் குறையைத் தீர்த்தவர் என் மாமா. அவர் வீட்டு முன்னறையில் இரண்டு பிளைவுட் பலகைகளின் மேல் இந்த ஊரின் ஒரே ரயில் சேவை ஓடுகிறது. ஓடுகிறது என்று நான் எழுதுவது அவர் மேல் உள்ள மரியாதையால்.

பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தவருக்குத்தான் மாமாவின் பெருமை விளங்கும். அங்கே எல்லா வயரும் சிவப்பு. பிளஸ்ஸுக்கு ஒரு நிறம், மைனஸுக்கு ஒரு நிறம், சிக்னலுக்கு வேறொன்று என்று பிரித்துப் பார்ப்பது சின்ன மனசுக்காரர் வேலை. மாமாவிடம் அந்தப் பேதம் கிடையாது. எந்த வயர் எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டும் வழக்கமும் இல்லை. கேட்டால், "எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு மாப்ள" என்பார். கடுகண்ணாவையில் 2014இல் தேசிய ரயில்வே நூதனசாலை திறந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டிய ஆவணம் இங்கே தொப்பிக்குள் இருக்கிறது.

ரயில் புறப்படும்போது மிடுக்காகப் புறப்படும். பலகையின் அந்தக் கோடிக்குப் போனதும் தள்ளாடும். சாதாரண ஆளாக இருந்தால் உடனே மல்டிமீட்டரைத் தேடுவான். கண்ட்ரோலர் பக்கத்தில் 12 வோல்ட், அந்தக் கோடியில் 8 வோல்ட் என்று கண்டதும், தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் பிஷ்பிளேட்டுகளின் மேல் சந்தேகப்படுவான். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே ஈரம்தான் இங்கேயும் அடிக்கிறது. பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போகும், இணைப்பில் கரண்ட் திக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு சின்ன வயரை ஈயம் வைத்து ஒட்டி, எல்லாவற்றையும் கீழே ஓடும் தடித்த வயரில் சேர்ப்பான். மாமா அவ்வளவு தூரம் இறங்கி வரமாட்டார். "மல ஏறுது மாப்ள. நெசமான ரயிலே நாவலப்பிட்டிக்கு மேல 44 அடிக்கு ஒரு அடி ஏறுது, மூச்சு வாங்குது. இது மட்டும் பறக்குமா?" என்றார். பலகை தரைக்குச் சமமாக இருக்கிறது. மேடில்லாத இடத்திலும் ஏற்றத்தை உணரும் ரயிலை உலகத்தில் வேறு எவரும் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் அவர் மேதைமை முழுதாக வெளிப்படுவது சிக்னலில்தான். பழைய ரயில்வேக்காரர்கள் சந்தேகப் பிராணிகள். கைகாட்டியை இழுக்கும் கம்பி என்றைக்காவது அறும் என்று முன்கூட்டியே நினைத்து, அறுந்தால் கை தானாக 'நில்' என்ற நிலைக்குத் திரும்பும்படி எடைக்கட்டி வைத்தார்கள். அதுவும் போதாதென்று ஒற்றைப் பாதைக்கு டேப்லட் முறை. இரு ஸ்டேஷன்களின் பெட்டிகளும் கம்பியால் பிணைந்திருக்கும். அவற்றுக்கு நடுவிலுள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டேப்லட் தட்டுத்தான் வெளியே வரும். அது கையில் கிடைக்காமல் டிரைவர் நகரமாட்டார். கோளாறு வந்தால் ரயில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எத்தனை அவநம்பிக்கை!

மாமா மனிதரை நம்புகிறவர். அவருடைய சிக்னலில் பச்சை எப்போதும் எரியும். சுவிச்சை அழுத்தி, கரண்ட் ஒழுங்காகப் போய், ரிலே மனது வைத்தால் மட்டுமே சிவப்பு வரும். வயர் அறுந்தால் பச்சை. சுவிச்சு கெட்டால் பச்சை. எதிரே இன்னொரு ரயில் வந்தாலும் பச்சைதான். போன பொங்கலுக்கு இரண்டு எஞ்சின்கள் நேருக்கு நேர் கட்டித் தழுவிக்கொண்டன.

முதலில் வைத்த சிக்னல் இதைவிட ஆழமானது. அதற்கான கரண்டைத் தண்டவாளத்திலிருந்தே எடுத்திருந்தார். ரயில் வேகமாகப் போனால் சிக்னல் பிரகாசிக்கும். ரயில் நின்றால் அணையும். ரயில் பின்னால் போனால் எல்இடிக்கு எதிர்த்திசைக் கரண்ட் ஒவ்வாது, ஆகவே இருட்டு. ரயில் ஓடுகிறது என்பதை, ஓடும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே அறிவிக்கும் ஏற்பாடு அது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும், 12 வோல்ட் கொடுத்தால் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கஞ்சத்தனத்தை அவர் ஏற்கவில்லை. நேரடியாகவே கொடுத்தார். அந்த விளக்கு ஒரே ஒரு முறை எரிந்ததை நேரில் கண்ட பாக்கியசாலிகளில் நானும் ஒருவன்.

தெமோதரை வளைவையும் செய்திருக்கிறார். நிஜப் பாதை மலையைச் சுற்றிவந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். மேலும் கீழுமாக இருப்பதால் பாதை தன்னையே தொடுவதில்லை. மாமா அந்தப் பிரிவைத் தாங்காமல், சுற்றிவந்த பாதையை அதன் தொடக்கத்திலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு கைகோத்தது, பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாயின, ஃபியூஸ் போனது. இரண்டு பக்கமும் தண்டவாளத்தை வெட்டி, இன்சுலேஷன் கொடுத்து, நடுத்துண்டுக்குத் திசை மாற்றும் சுவிச்சு போடலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். பத்தாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு அவ்வளவுதான் தெரியும். மாமா தேயிலைப் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து ஃபியூஸ் போகவே இல்லை. டிரான்ஸ்போமர் போனது.

கோளாறு தேடும்போது பாதி வயரைக் கழற்றி, எந்தப் பாதியில் தவறு என்று பார்த்து, அதையும் பாதியாக்கிப் போகும் ஒரு மெதுவான முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பார்கள். மாமா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவார். பழைய கோளாறு தொலைந்துபோகும், புதியவை பிறக்கும், சலிப்பே தட்டாது. கடைசியில் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிடுவார்: பல்லி. சிரிக்காதீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, அமைச்சரே பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கைக் காரணமாகக் காட்டினார். அரசாங்கத்துக்குக் குரங்கு என்றால் ஒரு வீட்டுக்குப் பல்லி அளவாகத்தான் இருக்கிறது.

1969இலிருந்து பொல்பிட்டிய மின்நிலையம் லக்ஷபானத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறது. கட்டியபோது அதன் திறன் 75 மெகாவாட். அந்தக் கரண்ட் அவ்வளவு தூரம் ஓடிக் கொழும்புக்குத் தவறாமல் போய்ச் சேர்கிறது. மாமாவின் பலகையில் ஆறடி போகத்தான் அதற்கு வழி தெரியவில்லை. பொறியாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரத்தின் பெருமையை 1918இல் எழுதினார். லக்ஷபானவில் விளக்கு எரிந்தது 1950இல். மேதைகளை நாடு புரிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும் என்று மாமா அடிக்கடி இதை எடுத்துக் காட்டுவார்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. சித்திரைத் தேருக்கு லைட்டு போடும் வேலையை இந்த வருடம் மாமாவிடமே கொடுத்துவிட்டார்கள். சிவப்பு வயர் சுருள் சுருளாக வந்து இறங்கியிருக்கிறது. தேயிலைப் பாக்கெட்டுகளையும் மாமி எறியாமல் சேர்த்து வைக்கிறார். தேர் இழுக்க நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், வடத்தின் கடைசி நுனியில். அது தேங்காய் நார் வடம். மழை பெய்யாதவரை கரண்ட் கடத்தாது.