தாவலும் சுவீகாரமும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்று கூட்டணி வைத்து விளையாடுகின்றனவாமே! நம்ம அழகப்பா கலைக் கல்லூரி எந்தக் கூட்டணி?
– வாசகர், செக்காலை

பதில்: அங்கே அது தேர்தல் கூட்டணி மாதிரி. டி.வி. பணம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தாவலாம். ஒரு கூட்டணியின் பெயர் ‘பிக் டென்’. 2024 முதல் உறுப்பினர்கள் 18! ‘பேக்-12’ என்ற இன்னொரு கூட்டணியில் அதே ஆண்டு மிஞ்சியது இரண்டே பேர்.

இங்கே கூட்டணி என்றால், கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான்; தாவ முடியாது. நகரத்தாரில் யார் எந்தக் கோயில் என்ற ஒன்பது கோயில் கணக்கு மாதிரிதான், பிறக்கும்போதே முடிவாகிவிடும். சுவீகாரம் போனால்தான் மாறும். நம் கல்லூரி 1947இல் சென்னைப் பல்கலைக்கழகப் பிள்ளையாகப் பிறந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் அங்கே சுவீகாரம். இப்போது இருப்பது, 1985இல் பிறந்த அழகப்பா பல்கலைக்கழகத்தில். அதாவது, 38 வயது இளைய தம்பியே அப்பாவாகிவிட்டார்!

ஆக, முதல் மோதல் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளோடு. அதில் தேறினால் பல்கலைக்கழக பனியன் மாட்டிக்கொண்டு தென் மண்டலப் போட்டிக்கு ரயிலேறலாம். அதற்கெல்லாம் தலைமை, 1925இல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்.

டி.வி. கேமரா வராது. செக்காலையிலிருந்து எட்டும் தூரம்தானே, நீங்களாவது ஒரு சாயங்காலம் போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள்.