சிக்கோவுக்கு ஒரு கையெழுத்து

வேற்றுக்கிரகத்திலிருந்து ஆளைக் கொல்லும் ஜந்து ஒன்று வந்திறங்கினால் மனிதன் அதனோடு ஒட்டி உறவாடுவானா என்று சிலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஹனோவர் நகரம் 2018 ஏப்ரலிலேயே பதில் சொல்லிவிட்டது. தாராளமாக உறவாடுவான். ஜந்துவுக்கு ஒரு செல்லப் பெயரும், கொஞ்சம் பாவமாக விழுந்த ஒரு படமும் இருந்தால் போதும்.

அந்த மாதம் சிக்கோ என்ற ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் கலப்பு நாய், தான் வளர்ந்த வீட்டுக்குள்ளேயே 52 வயதுத் தாயையும் 27 வயது மகனையும் கடித்துக் கொன்றது. அந்த அம்மா சக்கர நாற்காலியில் இருந்தவர். மகனும் நோயாளி. ஊர் பதறியது, நாய்க்காக! அதைக் கொன்றுவிடக் கூடாது என்ற மனுவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அடைக்கலம் கொடுத்திருந்த காப்பகத்துக்கே மிரட்டல் வந்தது. ஏப்ரல் 16 அன்று மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்த மருத்துவர்கள், வாயும் தாடையும் மோசமாகச் சிதைந்திருப்பதைக் கண்டு, நாயை விழிக்க விடாமலே அனுப்பிவைத்தார்கள். உடனே நாய்க்கு அஞ்சலி, நாய்க்காகக் கண்ணீர், மருத்துவர்களுக்குக் கொலைகாரப் பட்டம்.

அந்தத் தாய்க்கும் மகனுக்கும் யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. செத்தவர்களுக்கு மனு எதற்கு என்பீர்கள். 2011-இல் இருவரும் உயிரோடுதானே இருந்தார்கள்? அந்த வீட்டு நாயைப் பற்றிக் கால்நடைத் துறைக்கு அப்போதே எச்சரிக்கை போயிருந்தது. கோப்பு ஏழு வருடம் நிம்மதியாகத் தூங்கியது. இரண்டு பிணம் விழுந்த பிறகு, நாயை அன்றைக்கே பறிமுதல் செய்திருக்கலாம் என்று நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. என்ன பெருந்தன்மை! நடக்க முடியாத ஒரு பெண் அந்த நாயோடு எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று எட்டிப் பார்க்க ஆளில்லாத ஊரில்தான், நாய்க்கு இரண்டரை லட்சம் சொந்தபந்தம் முளைத்தது.

அதே ஹனோவர் வட்டாரத்தில், 2022 செப்டம்பரில், ஓர் ஓநாய் டாலி என்ற கிழட்டு மட்டக்குதிரையைக் கொன்றது. மனிதரை அது தொடவில்லை. ஆனால் குதிரை ஐரோப்பிய ஆணையத் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லையன் வீட்டுக் குதிரை. ஓநாய்க்குச் செல்லப் பெயரும் கிடையாது, ஜி.டபிள்யூ. 950 எம் என்று வெறும் எண். அதைச் சுட அனுமதி வந்தது. 2023 டிசம்பரில் ஓநாய்களின் பாதுகாப்பைத் தளர்த்த ஆணையம் முன்மொழிந்தது. 2025-இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் கைதூக்கியது. குதிரைக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். நம்புவோம்.

ஜெர்மன்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் யோக்கியதை இல்லை. சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் இடித்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானைக்கு ரசிகர் கூட்டமே உண்டு. யானையின் காட்டைக் கூறுபோட்டது யார் என்று கேட்டால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். அது வேறு கதை. 2023 மே மாதம் அந்த யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது, இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர் அடிபட்டு, பிறகு இறந்துபோனார். யானை இப்போது எந்தக் காட்டில், எப்படி இருக்கிறது என்று ரசிகர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். செத்தவர் பெயர் என்னவென்று அவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.