சூப்பர் அண்ணாச்சி

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டி, இருமருங்கும் கரிசல் காடு கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கப் பிரயாணம் செய்கிறவர்கள், எப்போதும்வென்றான் என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் சற்று நிமிர்ந்து உட்காருவது வழக்கம். ஏதாவதொரு சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றிருக்க வேண்டிய விருதுப் பெயரை, வானத்தை அண்ணாந்து பார்த்து மானாவாரி வெள்ளாமை செய்து, மழையிடம் மட்டும் அடிக்கடி தோற்றுப்போகும் ஓர் ஒட்டப்பிடாரம் தாலுகாக் கிராமம் சுமந்துகொண்டிருக்கிறது. பாராட்டையே பெயராகக் கொண்ட இந்த ஊரில் சூப்பர் அண்ணாச்சி அவதரித்தது ஆச்சரியமன்று. ஆனால் அவரை ஒரு தனி மனிதர் என்று எண்ணிவிடக் கூடாது; கோவில்பட்டி தொடங்கிக் குறுக்குச்சாலை வரையில் டீக்கடைக்கு ஒருவராக அவர் எழுந்தருளியிருக்கிறார்.

வயது ஐம்பதுக்கு மேல். சலவை வேட்டி, தோளில் துண்டு. உத்தியோகம் என்று குறிப்பாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆறிப்போன டீயும் அவருக்குச் சூப்பர், அதை ஆற்றிக் கொடுத்தவன் மகளுக்கு நிச்சயமான வரனும் சூப்பர், அந்த வரன் தவறிப்போனதும் ஒரு வகையில் சூப்பர். தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் தூக்கத்திலேயே காலமான வீட்டில் பந்தலடியில் உட்கார்ந்து, ‘சாவுன்னா இப்படில்லா இருக்கணும், சூப்பர்!’ என்று அவர் சொன்னதைக் கேட்டு, மூத்த மகன் அழுகையை நிறுத்திக்கொண்டு தலையசைத்ததை நானே பார்த்தேன். கல்யாணச் சாவு என்று ஊரார் சுற்றிவளைத்துச் சொன்னதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இந்தச் சொல்லின் பூர்வோத்தரம் அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிந்தாலும் சூப்பர் என்றுதான் சொல்லுவார். லத்தீனில் ‘மேலே’ என்ற பொருளோடு சாதுவாக இருந்தது அது. துணி முதலிய சரக்குகளின் உயர்ந்த தரத்துக்கு ஆங்கில வியாபாரிகள் இட்ட ‘சூப்பர்ஃபைன்’ என்ற முத்திரையின் வாலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நறுக்கிவிட்டதனால், தலை மட்டும் தனியே உலாவத் தொடங்கிற்று. நம்மிடம் அதற்கு முன்பு அந்த ஸ்தானத்தை வகித்துவந்த ‘சபாஷ்’, ‘பேஷ்’ இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. 1978-இல் ‘பைரவி’ படத்தின் விளம்பரத்தில் ரஜினிகாந்த் சூப்பர் ஸ்டாராகப் பட்டாபிஷேகம் செய்யப்பெற்ற பிறகு, புதிய சொல்லுக்குப் பட்டிதொட்டியெங்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது.

பாராட்டு இவ்வளவு சுலபமாக இல்லாத காலமும் இதே வட்டாரத்தில் இருந்தது. 1882-இல் பிறந்த சுப்பையாவுக்குப் பதினோராவது வயதில் எட்டயபுரத்துச் சபையில் ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்தது, புலவர்கள் அந்தப் பிள்ளையைச் சோதித்துப் பார்த்த பிறகுதான். அண்ணாச்சி அந்தச் சபையில் இருந்திருந்தால் பையன் வாயைத் திறப்பதற்கு முன்பே விஷயம் முடிந்திருக்கும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினால் மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். எதிரே ஓர் ஆள் நிற்பது என்ற ஐந்தாவது காரணத்தைச் சேர்த்த பெருமை நம்மவரைச் சாரும்.

அவருடைய பிரயோகத்தில் நுட்பமில்லை என்று சொல்வதற்கில்லை. ஈற்று ரகரம் மாட்டுவண்டிப் பந்தயத்துப் பூஞ்சிட்டு வண்டியின் சக்கரம்போல் உருண்டுகொண்டே போனால் உண்மையான திருப்தி; ‘சூப்பரு’ என்று உகரத்தில் முடிந்தால் மரியாதை; ‘சூப்பர்வே’ என்றால் நெருக்கம்; வெடுக்கென்று ‘சூப்பர், சூப்பர்’ என்று இருமுறை வந்தால், நீர் சொன்னது போதும், எழுந்து போகலாம் என்று அர்த்தம்.

இவ்வளவு பயின்ற நாவினால் விளைந்த நஷ்டத்துக்கு எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை சாட்சி. கோயில் கொடைக்குக் கிடாய் பிடிக்கப் போன மருமகன், வழித்துணையாக இருக்கட்டுமே என்று அண்ணாச்சியையும் அழைத்துப் போயிருந்தான். வாங்குகிறவனுடைய தர்மப்படி முதுகை அமுக்கி, பல்லைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ‘எலும்புதானே இருக்கு’ என்று அலட்சியமாக நகரப் போன அந்தக் கணத்தில், பின்னாலிருந்து எழுந்தது குரல்: ‘கிடான்னா இதுல்லா கிடா! சூப்பர், மருமகனே!’

ஆட்டுக்காரர் சிரித்தார். ‘பெரியவங்களே சொல்லிட்டாங்க, இனி நான் எதைக் கொறைக்க?’

மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்ததும், ‘இந்த வெலைக்குச் சூப்பர்தான்’ என்று அண்ணாச்சி ஆறுதலும் சொன்னார்.

இப்படிப்பட்டவரை ஊர் ஏன் பொறுத்துக்கொள்கிறது என்று யோசித்தபோது எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. கரிசல் விவசாயி பாராட்டுக்குப் பயப்படுகிறவன். உளுந்தும் பாசியும் பருத்தியும் எப்படி நிற்கின்றன என்று கேட்டால், ஐப்பசி மழை கைகொடுத்துக் காடு செழித்திருக்கும் வருஷத்திலும், ‘ஏதோ கெடக்கு’ என்பதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் வராது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருப்பதைக் குனிந்து பார்த்து, செடியைத் தொட்டு, விவரமாகப் புகழ்கிறவனைக் கண்டால் அவனுக்கு வயிறு கலங்கும். அப்படிப் புகழ்கிறவனுக்காகத்தான் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானை காட்டுக்கு நடுவே கம்பின்மேல் கவிழ்ந்து நிற்கிறது. அண்ணாச்சியோ பைக்கில் போகிற போக்கில், கழுத்தைக்கூடத் திருப்பாமல் ‘சூப்பர்!’ என்று வீசிவிட்டுப் போகிறார். திருஷ்டி விழுவதற்கு முதலில் பார்வை விழ வேண்டும் அல்லவா? ஆகவே பிள்ளை பெற்ற வீட்டிலும் புதிதாக மாடு வாங்கிய தொழுவிலும் மற்றவர்களைத் தடுத்து நிறுத்துகிறவர்கள், அண்ணாச்சிக்கு மாத்திரம் கதவைத் தாராளமாகத் திறந்து வைக்கிறார்கள்.

சமீப காலமாக இளவட்டங்களிடையே ‘மாஸ்’, ‘வேற லெவல்’ போன்ற நூதனப் பிரயோகங்கள் பரவிவருவதால், அவருடைய ஏகபோகத்துக்குப் பங்கம் நேருமோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். டீக்கடைப் பையன் ஒருவன் தைரியமாகவே கேட்டுவிட்டான்: ‘அண்ணாச்சி, இன்னுமா சூப்பர்ங்கிய? வேற லெவல்னு சொல்லிப் பழகுங்க.’

அண்ணாச்சி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்து, துண்டால் வாயைத் துடைத்து, அந்தச் சொல்லை ஒருமுறை மெதுவாக உச்சரித்துப் பார்த்தார்.

‘வேற லெவலா? வார்த்தை சூப்பரா இருக்குல்லா!’