ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு நிமிடம்

கம்ப்யூட்டர் வைரஸ் எழுதியவரைப் பிடிப்பது கடினம். பிடித்தபின் அவரை என்ன செய்வது என்று தீர்மானிப்பது அதைவிடக் கடினம். திருடன் ஒரு வீட்டில் நூறு சவரன் எடுத்தால் வழக்கு எளிது. பறிகொடுத்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர், நடுவில் நகை. வைரஸோ ஆளுக்கு அரை நாள் வீதம் லட்சக்கணக்கானவர்களிடமிருந்து எடுக்கிறது. அந்த அரை நாளை எழுதியவரும் வைத்துக்கொள்வதில்லை என்பதால் ஜப்தி செய்யவும் ஒன்றும் அகப்படாது. தனித்தனியே பார்த்தால் யாருக்கும் கோர்ட்டுப் படி ஏறும் அளவு நஷ்டமில்லை. மொத்தமாகப் பார்த்தால் எந்தக் கோர்ட்டாலும் கூட்டிமுடிக்க முடியாத நஷ்டம். இதுவரை வழங்கப்பட்ட தண்டனைகள் எல்லாம் இந்தக் கணக்கில் தடுமாறியவைதான்.

தொடக்கத்தில் தண்டனை என்ற பேச்சே எழவில்லை. 1986இல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’, ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. அதற்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி, நிவாரணத்துக்குத் தொடர்புகொள்ளுமாறும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பவ இடத்தில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போகும் இந்தப் பண்பு பின்னால் வந்தவர்களிடம் இல்லை.

கோர்ட் வரை போன முதல் பெரிய வழக்கு ராபர்ட் டப்பன் மோரிஸுடையது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த அவர் 1988 நவம்பர் 2 அன்று ஏவிய நிரல், ஒரே கம்ப்யூட்டருக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து அதை மூச்சுத் திணற வைத்தது. அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மகன் இதைச் செய்தபோது தந்தை அமெரிக்க அரசில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானியாக இருந்தார். 1990இல் வந்த தீர்ப்பு: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். வகுத்துப் பார்த்தால் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு நிமிடமும் ஒன்றே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையும் வருகிறது. பிற்பாடு மோரிஸ் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

1999இல் ‘மெலிசா’வைப் பரப்பிய டேவிட் ஸ்மித்துக்கு 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் கிடைத்தன. நஷ்டம் 8 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. சிறையில் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 1,33,000 டாலர் கழிந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு தினக்கூலி எந்த அலுவலகத்திலும் கிடையாது.

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வழக்கு இன்னும் விசித்திரமானது. அதை எழுதிய ஒனெல் டி குஸ்மான், பிறர் பாஸ்வேர்டைத் திருடும் மென்பொருளைத் தன் கல்லூரி ஆய்வுக்கு முன்மொழிந்தவர். கல்லூரி அதை நிராகரித்தது. பிலிப்பைன்ஸில் அப்போது இந்தக் குற்றத்துக்குச் சட்டமே இல்லாததால் வழக்குக் கைவிடப்பட்டது. வைரஸ் கிளம்பிய அடுத்த மாதமே சட்டம் வந்தது. ஆனால் நடந்து முடிந்ததற்கு அது செல்லாது. ஒரு நாட்டுக்கே சட்டம் வாங்கிக் கொடுத்தவர் அந்தச் சட்டத்துக்கு அகப்படவில்லை. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே 2000இல் வந்ததுதான். இன்று அதன் 66ஆம் பிரிவின்படி, கெட்ட எண்ணத்தோடு வைரஸைப் புகுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஐரோப்பா மூன்றாவது வகைத் தண்டனை ஒன்றைக் கண்டுபிடித்தது: உத்தியோகம். 2001இல் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் படம் என்று ஆசை காட்டிப் பரவிய வைரஸை, ரெடிமேட் கருவி ஒன்றைக் கொண்டு உருவாக்கியவர் நெதர்லாந்தின் ஸ்னீக் நகர இளைஞர். அவருக்கு 150 மணி நேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது. நகர மேயரோ வேலைக்கு இன்டர்வியூ வைக்கலாம் என்றார். 2004இல் ‘சாஸர்’ எழுதிய ஜெர்மானியர் ஸ்வென் யாஷான், எழுதிய காலத்தில் பதினெட்டு நிரம்பாதவர் என்பதால் 21 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடும் 30 மணி நேரச் சேவையோடும் தப்பினார். தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டே கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

உத்தியோகம் தண்டனையாகாது என்பதை உத்தியோகம் பார்ப்பவர்கள் ஒருவேளை ஏற்க மாட்டார்கள். ஆனால் சிறையும் இந்தக் குற்றத்துக்குப் பொருந்தாது. சிறையில் யாரும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதில்லை, ஓ.டி.பி. வராமல் தவிக்க வேண்டியதில்லை. ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்று அவசரமான காலை வேளையில் எந்தத் திரையும் உத்தரவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வெளியே இவற்றோடு மல்லுக்கட்டும்போது, பாதித்தவரை மட்டும் உள்ளே நிம்மதியாக வைப்பது எந்த ஊர் நியாயம்?

பொருத்தமான தண்டனைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. தொல்லை சிறியதாக இருக்க வேண்டும்; ஓயாமல் வர வேண்டும்; வரக்கூடாத நேரத்தில் வர வேண்டும். வைரஸுக்கும் இதே இலக்கணம்தான். இதன்படி ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தண்டனை வகுக்கலாம்.

‘சாஸர்’ தாக்கிய கம்ப்யூட்டர் 60 விநாடி எண்ணிவிட்டுத் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். இந்த வகையினருக்குக் கால்பந்து பார்க்கத் தாராள அனுமதி தரப்படும். பெனால்டி உதைக்க ஆட்டக்காரர் பந்தை வைத்ததும் டிவியில் எண்ணிக்கை தொடங்கும். திரை மீண்டும் உயிர்பெறும்போது பனியன் விளம்பரம் ஓடும்.

‘மெலிசா’ முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இவ்வகையினரை 50 குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்துவிட வேண்டும். வரும் ஒவ்வொரு ‘காலை வணக்கம்’ ரோஜாப் படத்துக்கும் தனித்தனியே, கையால் தட்டச்சிட்ட பதில் அனுப்ப வேண்டும். கும்பிடும் சின்னம் போட்டுத் தப்பிப்பது விதிமீறல்.

‘ஐ லவ் யூ’ கம்ப்யூட்டரில் இருந்த புகைப்படக் கோப்புகளை அழித்தது. இதற்கு, முன்பின் தெரியாதவர் கல்யாணத்தின் 4,000 படங்களில் ஆல்பத்துக்கு 120ஐத் தேர்ந்தெடுக்கும் பணி. பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் மறு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள்.

தைவானில் 1998இல் எழுதப்பட்ட ‘சி.ஐ.எச்.’ ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்து, பல கம்ப்யூட்டர்களை ஆன் செய்யவே முடியாதபடி ஆக்கியது. அதற்குத் தண்டனை சர்வீஸ் சென்டர். கையில் டோக்கன் 87, பலகையில் 86, உணவு இடைவேளை. இடைவேளை முடிந்து கூப்பிடும்போது ஒரிஜினல் பில்லைக் கேட்பார்கள்.

பணம் பறிக்கும் வைரஸ்களின் மூதாதை 1989இல் ஃப்ளாப்பியில் தபாலில் வந்தது. கம்ப்யூட்டரை 90 தடவை ஆன் செய்ததும் கோப்புகளை மறைத்துவிட்டு, பனாமாவில் உள்ள தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. இந்த வகையினரின் சாப்பாட்டுக் கேரியரைப் பூட்டிவிட்டு, சாவியைப் பனாமாவிலிருந்து தபாலில் வரவழைப்பதே முறை.

எல்லா வகையினருக்கும் பொதுவான தண்டனை ஒன்றும் உண்டு: ஓய்வுபெற்றவர்களுக்குத் தொலைபேசி வழியே கம்ப்யூட்டர் உதவி. “திரையில் என்ன தெரிகிறது சார்?” “பேரன் தெரிகிறான்.” “அதற்கு மேலே?” “தொப்பி போட்டிருக்கிறான்.” இப்படி ஓர் அழைப்பு எப்படியும் முக்கால் மணி நேரம் ஓடும். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் வேண்டாம். பின்னாளில் பத்திரிகையாளர் ஒருவர் தேடிப்போனபோது, டி குஸ்மான் மணிலாவில் செல்போன் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றில் இருந்தார். கோர்ட் விட்டுவிட்டதை வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

தண்டனைக் குறைப்புக்கும் வழி வேண்டும். இதற்கு முன்னுதாரணம் பிரிட்டனின் மார்கஸ் ஹட்சின்ஸ். 2017 மே மாதம் ‘வானாக்ரை’ 150 நாடுகளில் பரவி பிரிட்டனின் மருத்துவமனைகளையே முடக்கியபோது, அதன் நிரலுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியைச் சுமார் 10 டாலர் செலவில் பதிவு செய்து பரவலை நிறுத்தியவர் அவர். சில மாதங்களில், இளம் வயதில் வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் நிரல் எழுதியதற்காக அமெரிக்காவில் கைதானார். 2019இல் நீதிபதி இரண்டையும் எடைபோட்டு, மேற்கொண்டு சிறை வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். இதையே பொது விதியாக்கலாம்: பிறர் வைரஸை நிறுத்துபவருக்கு, காப்பாற்றிய ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மோரிஸ் விகிதப்படி நான்கு நிமிடம் கழிக்கப்படும். மீதி நிமிடங்களுக்குத் தொலைபேசி காத்திருக்கும்.