தொப்பியைத் தின்ற அப்பா

ஒரு எழுத்தாளரைப் படிப்பதென்றால் முதல் புத்தகத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருவதுதான் மரியாதை என்று நினைக்கிற ரகம் ஒன்று உண்டு. என் மச்சினன் அந்த ரகம். சீரியலைக்கூட முன்கதைச் சுருக்கம் விடாமல் பார்ப்பான். "அத்தான், டேவிட் செடாரிஸ்னு ஒரு அமெரிக்கக்காரர், சொந்தக் குடும்பத்தைப் பத்தியே எழுதிச் சிரிக்க வைக்கிறாராமே, முதல் புக் 1994-ல வந்திருக்கு, அதையே வாங்கிடவா?" என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். ஏன் என்று கேட்டால் எனக்குக் கட்டுரை வந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்த முதல் புத்தகம் 'பேரல் ஃபீவர்'. அதில் பெரும்பகுதி கற்பனைக் கதைகள். கொஞ்சம் கோரமான கதைகளும்கூட. அசல் செடாரிஸ் கடைசிச் சில கட்டுரைகளில்தான் தலைகாட்டுகிறார். அவரைப் பிரபலமாக்கிய சமாச்சாரமும் அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கில் மேசிஸ் என்கிற பெரிய கடையில், கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வரும் குழந்தைகளை வரிசையில் நிறுத்துகிற எடுபிடி வேலை. முப்பது வயது தாண்டிய மனிதர் பச்சை வெல்வெட் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, 'க்ரம்பெட்' என்று பெயர் வைத்துக்கொண்டு நின்றார். 1992 டிசம்பரில் அதை ரேடியோவில் வாசித்தார். அதுவரை வீடு துப்புரவு செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு வீட்டு வேலைக்காரர்களைப் பற்றி எழுதும் அளவுக்கு உயர்ந்துவிடவில்லை. தன் வீட்டாரைப் பற்றி எழுதத் தொடங்கினார். நமக்கு லாபம்.

ஆரம்பிக்க வேண்டியது 2000-ல் வந்த 'மீ டாக் ப்ரெட்டி ஒன் டே'. அதன் முதல் கட்டுரையில் அவர் ஐந்தாம் வகுப்புப் பையன். 'ஸ' ஒலி நாக்கில் வழுக்குகிறது. அதைச் சரிசெய்யப் பள்ளிக்கு ஓர் அம்மணி வருகிறார். பையன் நாக்கைத் திருத்திக்கொள்வதற்குப் பதிலாக, அந்த ஒலி வராத வார்த்தைகளாகத் தேடித் தேடிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். எழுத்தாளன் உருவாவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. இதே புத்தகத்தின் பின்பாதியில் பாரீஸ் பிரெஞ்சு வகுப்பு வருகிறது. ஈஸ்டர் என்றால் என்ன என்று ஒரு மொராக்கோ மாணவி கேட்கிறாள். நாலு வார்த்தை பிரெஞ்சு தெரிந்த ஆளுக்கு ஆள் ஏசுவின் உயிர்த்தெழுதலை விளக்கப் புறப்படுகிறார்கள். தயவுசெய்து இதை மெட்ரோ ரயிலில் படிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார்.

ஆனால் இந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. காரணம் அப்பா.

அப்பா லூ செடாரிஸ், கிரேக்க வம்சம், ஐ.பி.எம். எஞ்சினியர், ஆறு பிள்ளைகள். ஜாஸ் பைத்தியம். பிள்ளைகளையெல்லாம் சேர்த்து வீட்டிலேயே ஒரு ஜாஸ் குழு அமைத்துவிட ஆசைப்பட்டு, டேவிட்டின் கையில் கிட்டாரைக் கொடுக்கிறார். பையனுக்கோ பில்லி ஹாலிடே குரலில் டி.வி. விளம்பரப் பாட்டுப் பாடத்தான் வருகிறது. இன்னொரு கட்டுரையில் அப்பாவின் சிக்கனம். கெட்டுப்போனதை அவர் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொள்வதே கிடையாது. காய், பழம், எதுவானாலும் வாயில்தான் போகும். பெட்டியிலிருந்து கிடைத்த பழுப்பு நிறத் துண்டு ஒன்றைத் தின்பண்டம் என்று மென்றுகொண்டே இருக்கிறார். பிறகுதான் தெரிகிறது, அது அவருடைய பழைய தொப்பியின் விளிம்பு.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா மறந்து போனது. என் அப்பா முந்தாநாள் சாம்பாரை முகர்ந்து பார்த்து, "லேசாப் புளிச்சிருக்கு, அவ்வளவுதான், ஒரு கொதி விட்டா சரியாப் போயிடும்" என்று தீர்ப்பளிப்பார். பூஞ்சை பிடித்த ஊறுகாயை மேலோடு வழித்துப் போட்டுவிட்டு, அடியில் இருப்பதுதான் நன்றாக ஊறியிருக்கும் என்பார். தொப்பி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் சொல்வதற்கில்லை.

இந்த அப்பாவைப் பார்த்து முதலில் வயிறு வலிக்கச் சிரித்திருக்க வேண்டும். அப்புறம்தான் 2018-ல் வந்த 'கலிப்ஸோ'வுக்குப் போகவேண்டும். நேரே அங்கே போனால், தன் உடம்பிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து ஆமைக்குப் போட ஆசைப்படுகிற ஒரு கிறுக்கனைப் பற்றிய வேடிக்கை என்றுதான் தோன்றும். அது வேடிக்கைதான். டாக்டர் கட்டியைக் கையில் தர மாட்டேன் என்கிறார். வாசிப்புக் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்மணி ராத்திரியோடு ராத்திரியாக வெட்டித் தருகிறார். அதே புத்தகத்தில்தான் தங்கை டிஃபனியும் இருக்கிறாள். 2013-ல் தற்கொலை செய்துகொண்டவள். கடைசியாக ஒரு முறை அவள் அரங்கத்தின் பின்வாசலில் வந்து நின்றபோது, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார் அண்ணன். அதை மழுப்பாமல் எழுதுகிறார். ஆமைக் கதைக்குச் சிரித்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது.

அதற்கும் பிறகு 2022-ன் 'ஹாப்பி-கோ-லக்கி'. லூ 2021-ல் தமது 98-ஆம் வயதில் இறந்தார். மகன் எழுதுவது அஞ்சலி அல்ல, கணக்குத் தீர்ப்பு. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்குத் தூக்கிவாரிப் போடும். தொப்பியைத் தின்றவரைத் தெரியாமல் இதை எடுத்தவர்கள், என்ன பிள்ளையப்பா இவன் என்று மூடி வைத்துவிடுவார்கள். வரிசை முக்கியம் என்ற மச்சினன் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று தோன்றுகிறதா? இது வேறு வரிசை.

"இதெல்லாம் நெஜமா நடந்ததா அத்தான்?" என்றான். 2007-ல் ஒரு பத்திரிகையாளர் இதையே கையில் எடுத்து, ஆட்களைத் தேடிப்போய் விசாரித்து, நிறைய மிகை இருக்கிறது என்று எழுதினார். செடாரிஸும் மிகைப்படுத்துவதை மறைத்ததில்லை. எனக்கு இதில் புகார் எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கியது வாக்குமூலத்தை அல்ல.

நாள்குறிப்புத் தொகுதிகள் இரண்டும் கடைசியில் போதும். அவர் 1980-களில் எந்த ஓட்டலில் காபி குடித்தார் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் நிலைக்கு வந்த பிறகு வாங்கலாம். காதால் கேட்க வசதி இருந்தால் அவர் குரலிலேயே கேட்பது உத்தமம். புதுக் கட்டுரையை மேடையில் வாசித்து, எங்கே சிரிப்பு விழுகிறது, எங்கே விழவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போய்த் திருத்துகிறவர் அவர்.

ஒன்றே ஒன்று. 2010-ல் வந்த 'ஸ்குவிரல் சீக்ஸ் சிப்மங்க்' என்ற புத்தகத்தில் அணில், முயல் என்று அழகழகாகப் படங்கள் இருக்கும். மிருகக் கதைதானே என்று பிறந்தநாளுக்கு எந்தக் குழந்தைக்கும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும்.