ஆர்ஏசி-யில் ஓர் ஆய்வாளர்

டெல்லிக் கருத்தரங்கு சென்னை மாணவரின் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. இனி ரயில்வே ஏற்க வேண்டும். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். ஏற்பாட்டாளரின் கடிதமோ சாவகாசமாகத்தான் வரும்.

அதற்குள் மிஞ்சுவது ஆர்ஏசி எனும் அரைப் படுக்கை. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் உட்கார்ந்தபடி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கருத்தரங்கில் பேசக் கிடைப்பது பத்து நிமிடம், அதுவும் முந்தைய பேச்சாளர் கருணை காட்டினால்!

இல்லையேல் தட்கல் முன்பதிவு: பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11-க்கு ஸ்லீப்பர். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. கருத்தரங்கு தள்ளிப்போகாதிருக்க வேண்டிக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்கு லேப்டாப் பையே தலையணை, பெட்டிக்குச் சங்கிலி.

ரயிலில் தொல்லை என்றால் 139-ஐ அழைக்கலாம். பயணப்படி வராத தொல்லைக்கு அலுவலகப் படிக்கட்டுதான். அங்கே காட்ட அசல் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.