ஜேபி நானாவின் சட்டக் கல்லூரி

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் தண்ணீர் வராத நாள் இருக்கலாம், ஜேபி நானா இல்லாத பிளாக் இராது. வெள்ளை ஷேர்ட், பொக்கெட்டில் இரண்டு பேனை, கையில் ரப்பர் முத்திரை. அகில இலங்கை சமாதான நீதவான். நியமித்தது நீதி அமைச்சர் என்பதால் பிரதம நீதியரசருக்கு அடுத்த படியில் தாம் நிற்பதாக அவருக்குள் ஒரு கணக்கு. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உறுதிப்படுத்தவும் சத்தியக்கடதாசியில் ஒப்பம் வாங்கவும் வருகிறவர்களே அவருடைய மாணவர்கள். உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் வகுப்பு நிறைந்துவிடும்.

"ரிசல்ட் என்ன மகன்?"

"ஆர்ட்ஸ் நானா. ரெண்டு பீ, ஒரு சீ."

"ஒண்ணும் யோசிக்க வாணாம். லோ செய்ங்க."

மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் இதே தீர்ப்புதான். வாயாடிக்கு, "வாய் ஈக்கிது, லோ செய்ங்க." வாயே திறக்காத பிள்ளைக்கு, "நொத்தாரிசு வேலைக்கு வாய் வாணாம், லோ செய்ங்க." பின்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. காணி உறுதி எழுதிப் பிழைக்கிறவர் நீதவான் முன்னால் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

நானா படித்தது புதுக்கடை நீதிமன்றங்களில். வாப்பா விட்டுப்போன காணித் துண்டுக்கு ஒரு பிரிவினை வழக்கு. தவணைக்குத் தவணை போய்வந்ததில் நானா படிப்பை முடித்துவிட்டார், வழக்குத்தான் முடியவில்லை. அந்த இடத்தின் மற்றப் பெயர் ஹல்ஸ்டொப். 1656இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் நினைவாக வந்தது. அவர் மாண்டு அடுத்த மாதம்தான் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. முடிவைப் பார்க்காமலே போனவரின் பெயரைவிட நீதிமன்ற வளாகத்துக்கு வேறெதுவும் பொருந்தாது.

"மூணு வருஷம், கறுப்புக் கோட், பொறகு பஜிரோ" என்பது நானாவின் பாடத்திட்டம். 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரிக்குள் போக நுழைவுப் பரீட்சை ஒன்று இருப்பது அதில் வராது. சட்டப் பட்டதாரிக்கு அந்தப் பரீட்சை இல்லை. ஆனால் கல்லூரியின் பரீட்சைகளை அவரும் எழுதித்தான் ஆகவேண்டும். பிறகு ஆறு மாதம் ஒரு சீனியரிடம் பயிற்சி, அதன்பிறகே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பிரமாணம் எடுத்த அன்று வீட்டில் பிரியாணியும் வட்டிலப்பமும். மறுநாள் முதல் சீனியரின் ஃபைல் கட்டு. பஜிரோ வரும்வரை த்ரீவீல். அந்தக் காசுக்கும் சில மாதம் உம்மாவிடம்தான் கை நீட்டவேண்டும்.

ஒரு விஷயத்தில் நானா சொல்வது சரி. "சிங்களம் தெரியாம கொழும்புக் கோட்டுக்குள்ள என்ன செய்யப் போற மகன்?" சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்றவந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. ஆகவே தமிழில் எழுதிச் சித்தியடையலாம். ஆனால் பக்கத்து மாளிகாகந்தை நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு ஓடுவது சிங்களத்தில். புரட்டவேண்டிய பழைய தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் தெரிந்த சட்டத்தரணி, தம் கட்சிக்காரரோடு சேர்ந்து மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நானாவுக்கு உள்ளூரப் பிடித்தது காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்கே கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஆஜராக முடியாது. கோட் போட்டவர் வாசலோடு சரி. குடும்பப் பெரியவர் என்ற பெயரில் நானா மட்டும் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் லோவுக்கு அனுப்பியவரின் மகன் கட்டாரில் கணக்காளர். ஏன் என்று கேட்டால், "அவனுக்குச் சம்பளம் வேணுமே மகன்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிள்ளைகளே, விண்ணப்பத்துக்கு முத்திரை வேண்டுமென்றால் நானாவிடமே போங்கள், நல்ல மனுஷன். அதை நிரப்புவதற்கு முன் ஒரு காலை மாளிகாகந்தைக்குப் போய்ப் பின்வாங்கில் இருந்து பாருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் போகலாம்.